போணிக் காசைத் திருப்ப மாட்டேன்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்தக் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தாலும் என் கடையில் வாங்கிய சேஃப்டி ஷூ ஒரு ஜோடியாவது நடந்துகொண்டிருக்கும். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இந்தப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலத்தில் சாக்குப் பையில் கையுறை வைத்துக்கொண்டு கம்பெனி கேட் வாசலில் நின்று விற்றேன். இன்றைக்கு மெயின் ரோட்டில் ரெண்டு ஷட்டர் கடை. உள்ளே நடந்து வருகிற ஆளைப் பார்த்தே கால் சைஸைச் சொல்லிவிடுவேன். நம்பாமல் அளந்து பார்த்து அசந்து போனவர்கள் நிறையப் பேர்.

அப்படிப்பட்ட கடைக்கு இன்டர்நெட்டில் ஆர்டர் ஃபாரம் போட வைத்தவர் ஒரு கான்ட்ராக்டர். கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புதிதாகச் சேரும் பையன்கள் ஷூவைச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். போனிலேயே சைஸைச் சொல்லிப் பணம் கட்ட வழி செய்தால், நம் லிங்க்கைத் தன் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. சைஸை மாற்றிப் போட்டுவிட்டுக் கேன்சல் செய்கிற பையனுக்குப் பணம் முழுசாகத் திரும்பிப் போக வேண்டும். தானே ஒரு ஜோடி வாங்கி, கேன்சல் செய்து பார்ப்பாராம். பணம் மாட்டிக்கொண்டால் தண்டலத்தில் இருக்கும் இன்னொரு கடைக்குப் போய்விடும் அந்த வியாபாரம். நான் இருக்கும்போது தண்டலத்துக்குப் போவதா?

வேலையைக் கையில் எடுத்தது என் மருமகள். கம்ப்யூட்டர் படித்த பெண். ஷூ டப்பாக்களுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பணம் வாங்கி நமக்குக் கொடுப்பதற்கென்று நடுவில் ஒரு கம்பெனி உண்டு, அதற்குக் கமிஷன் உண்டு என்றாள். தரகு இல்லாத தொழில் ஏது, சரி என்றேன்.

முதல் தடவை பச்சை டிக் விழுந்ததும் ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றி லேப்டாப்பைச் சுற்றிக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இது டெஸ்ட் மோடு. கார்டு பொய், காசும் பொய்" என்றாள். பொய்க் காசுக்குக் கற்பூரம் காட்டிய முதல் வியாபாரி இந்த வட்டாரத்தில் நான்தான். அதற்கும் ஒரு முதல் ஆள் வேண்டுமே.

அதன் பிறகு அவள் தான் கட்டியதைத் தானே உடைக்க ஆரம்பித்தாள். தப்பான ஓடிபி போட்டாள். பாதியில் போனை அணைத்தாள். பணம் கட்டும் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினாள், ரெண்டு ஆர்டர் விழுந்தது, அதைச் சரி செய்தாள். எனக்கும் வேலை கொடுத்தாள். அவசரத்தில் இருக்கிற ஆள் மாதிரி கண்ட இடத்தில் விரலை வைக்க வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சைஸ் கேட்ட கட்டத்தில் என் போன் நம்பரைத் தட்டினேன். ஃபாரம் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டது.

"இன்னா மாமா, இவ்ளோ பெரிய கால் யாருக்கு?" என்று கேட்டவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. சிரித்த கையோடு அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, இருக்கிற சைஸில் ஒன்றைத் தொடுகிற மாதிரி மாற்றினாள்.

நிஜக் காசு வாங்கும் நாள் வந்தது. கான்ட்ராக்டர் மதியத்துக்குள் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். காலையில் கடையைத் திறந்ததும் மருமகள், தன் போனிலிருந்து ஒரு ரூபாய் கட்டி, அதைத் திருப்பி அனுப்பிப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போணி ஆன காசைத் திருப்பறதா? நம்ம கடையில அது நடக்காதும்மா."

"திரும்பிப் போகுதான்னு பாக்கத்தானே மாமா கட்டறதே."

"ரெண்டாவது காசைத் திருப்பு, மூணாவது காசைத் திருப்பு. நான் கேக்க மாட்டேன்."

"அப்ப அந்தக் கான்ட்ராக்டர் சார் மொத ஆளா வந்து கேன்சல் பண்ணா இன்னா பண்ணுவீங்க?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்கு ஓடினேன். அங்கே டீ ஆற்றுகிற அக்காவுக்குக் கைராசி அப்படி. அவள் போணி செய்த நாளில் என் கடையில் கூட்டம் கலைந்ததே இல்லை. பால் வாங்க வண்டியில் போகும் அவள் புருஷனுக்கு ரெயின்கோட் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, ஃபாரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, பேரம் பேசறதுக்கு இதுல ஒரு எடம்கூட வெக்கலியே."

அடுத்த தடவை வைக்கிறேன் என்று மருமகள் சமாதானம் சொல்ல, அக்கா முழு விலையைக் கட்டினாள். இந்தத் தடவை கற்பூரம் நிஜக் காசுக்கு எரிந்தது.

இனி என் ஒரு ரூபாய் என்று மருமகள் போனை எடுத்த நேரத்தில், கான்ட்ராக்டரின் ஆர்டர் வந்து விழுந்தது. இருப்பதிலேயே விலை கூடின ஷூ. மூச்சு விடுவதற்குள் கேன்சல். நிஜக் காசை ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பிப் பார்க்காத மெஷினை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தேன். ரீஃபண்ட் பட்டனை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. வாங்கும்போது கண் இமைப்பதற்குள் வாங்கிய மெஷின், கொடுக்கும்போது மட்டும் யோசித்தது. நானும் அப்படித்தான், அதனால் அதைக் குறை சொல்லவில்லை.

ஒருவழியாக டிக் விழுந்தது. ஆனால் டிக்கை நம்பி என்ன செய்வது? அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே. நான் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தால் மருமகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, துட்டு முழுசா வந்துட்டு. லிங்க்க பயலுவளுக்கு அனுப்பியாச்சு."

அதற்குள் மருமகள் கணக்கைத் திறந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கும் பணம் நம் பேங்கிலிருந்து போவதில்லையாம். நடுவில் நிற்கும் கம்பெனியிடம் நம் பெயரில் இருக்கும் பணத்திலிருந்துதான் போகிறதாம். கான்ட்ராக்டர் கட்டியதில் அவர்கள் கமிஷன் எடுத்துவிட்டார்கள். அவர் காசு மட்டும் இருந்திருந்தால் முழுத் தொகைக்குப் பற்றாமல் நின்றிருக்கும். அக்காவின் ரெயின்கோட் காசு உள்ளே இருந்ததால் போய்ச் சேர்ந்தது. தன் ஒரு ரூபாயைக் காலையிலேயே விட்டிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும், கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கலாம் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், லிங்க்கில் பையன்கள் போட்ட ஆர்டருக்கெல்லாம் ஷேர் ஆட்டோ நிறைய டப்பாக்களை ஏற்றி, மடியிலும் நாலைந்தை வைத்துக்கொண்டு, ஒரகடத்தில் பையன்கள் தங்கியிருக்கும் கட்டடத்துக்கு நானே போனேன். ஓடிவந்து வாங்கினார்கள். மாட்டிய காலோடு வராந்தாவில் தொம் தொம் என்று மிதித்துப் பார்த்தார்கள். கட்டடமே அதிர்ந்தது. கான்ட்ராக்டர் பக்கத்தில் வந்து, இனிமேல் வருகிற எல்லா ஆட்களுக்கும் நம் லிங்க்தான் என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வைத்தேன்.