கருப்பனுக்கு ஒரு சிட்டிகை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த வருடம் அது. சித்தையன்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. கடலை பிஞ்சு வைத்ததும் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். முந்தின இரண்டு வருடமும் பாதிக்கு மேல் அவைதான் தின்றன.

பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி அய்யாவிடம் இருந்தது. குழல் வாய்வழியே கரிமருந்தைப் போட்டு, துணியில் சுற்றிய ஈயக் குண்டைக் கம்பியால் இறக்கிச் சுட வேண்டும். அந்த ஐப்பசியில் மூன்று தடவை சுட்டார். மூன்றும் தவறின.

"குழல் கோணிப்போச்சுடா. இந்த வருசமும் பன்னிக்குத்தான்னா அந்தக் காட்டத் தரிசாப் போட்டுருவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். என்னைப் படிக்க வைத்ததே அந்தக் காட்டுக் கடலைதான். விடக்கூடாது என்று நினைத்தேன்.

குழலில் கோணல் ஒன்றும் தெரியவில்லை. அவர் மருந்து போடுவதைத்தான் கவனித்தேன். உள்ளங்கையில் கொட்டி, கண்மதிப்பாகப் போட்டார். ஒரு தடவை போட்டது மறு தடவை இல்லை.

மருந்து அளக்க, நீளம் வேறு வேறாக நாலு மூங்கில் துண்டு நறுக்கினேன். அய்யா போடுகிற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பழைய வேட்டியை ஒரே அளவாகக் கிழித்து வைத்தேன். நாற்பது தப்படிக்கு அப்பால், மண்கரையில் முறத்தைச் சாய்த்து, கரியால் வட்டம் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று குண்டு நானே சுட்டேன். கரையைத் தோண்டி ஈயத்தை எடுத்து மறுபடி உருக்கினேன். கைகளில் நாலு நாள் மருந்து நாற்றம் போகவில்லை. அம்மா, "பன்னிக்குப் பரீட்சை வைக்கிறியா அப்பு?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்டாள்.

பெரிய துண்டில் தோள்தான் வலித்தது. ஓட்டைகள் முறம் முழுக்கச் சிதறின. இரண்டாவது துண்டில் மூன்று ஓட்டையையும் ஓர் உள்ளங்கையால் மறைக்கலாம். நோட்டில் எழுதி வைத்தேன்.

மறுநாள் அதே துண்டால் அளந்து அய்யாவையே சுடச் சொன்னேன். ஒன்று முறத்துக்கு மேலே போனது, ஒன்று ஓரத்தில் பட்டது. மூன்றாவதுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நான் அளந்ததைக் குழலில் கொட்டிவிட்டு, கண்ணை மூடி, மருந்துக் கொம்பிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.

"அது எதுக்குங்கய்யா?"

"கருப்பனுக்கு. அளவு உன்னோடது. இது அவனோடது."

அந்தச் சிட்டிகை அவர் வேண்டுதலுக்கு ஏற்பக் கூடும், குறையும். கோபமாக இருந்தால் இரண்டு. அதை விட்டுவிடச் சொன்னேன். சாமி பங்கில் கைவைக்க உன் படிப்புக்கு அம்புட்டுத் தைரியமா என்று கேட்டுவிட்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. அதற்குள் கிழக்கு மூலையில் நாலு சால் கடலையைப் பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன.

மூன்றாம் நாள் மூங்கில் துண்டை வெறுமையாகவே அவரிடம் நீட்டினேன்.

"அவருக்கு மொதல்ல போடுங்கய்யா. மிச்சத்த நான் நெரப்புறேன்."

துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதப் பங்கு அவனுக்குன்னா அதுஞ் சரிதான்" என்றார். சிட்டிகை துண்டுக்குள் விழுந்தது. அதன்மேல் நிரப்பி, விரலால் வழித்துச் சமன் செய்தேன். அன்று அவர் சுட்ட மூன்றும் வட்டத்துக்குள் பட்டன. மூங்கில் துண்டை மடியில் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம், கிழக்கு வெளுக்கும் நேரம். கூட்டத்துக்கு முன்னால் வந்த ஆண் பன்றி, கடலைக்குள் மூக்கை வைத்தது. அய்யா வெடித்த புகை விலகியபோது அது அங்கேயே விழுந்து கிடந்தது. மற்றவை மலைக்கு ஓடின. அப்புறமும் இரண்டு தடவை எட்டிப் பார்த்தன, அய்யாவும் விடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் கடலை பிடுங்கினோம். களத்தில் காயப்போட்ட அன்றே, அடுத்த வருச விதைக்கென்று நல்ல காயாகப் பொறுக்கித் தனியாக ஒரு சாக்கில் கட்டச் சொன்னார் அய்யா.