மாடி வீட்டின் குறைகள்

டெலானிபூர் மேட்டில் எனக்கு மாடியை வாடகைக்கு விட்டவர் எப்போதும் கையில் ஸ்பானரோடுதான் இருப்பார். காலி செய்கிறவர்களிடம் என்ன குறை என்று கேட்பார். அவர்கள் போன பிறகு அதைச் சரிசெய்வார். தினமும் தண்ணீர் வராத அந்தத் தீவில் அத்தனை பெரிய தொட்டி, இன்வெர்ட்டர், ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனாலும் மாற்றல் வந்ததும் எல்லாரும் மெயின்லேண்டுக்குப் போய்விட்டார்கள். கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார்.

எனக்கும் மாற்றல் வந்தது.

"என்ன கமி சார்? பானி பத்தலையா?"

"ஒரு குறையும் இல்லைங்க."

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"குறையே இல்லேன்னா அப்புறம் ஏன் சார் போறீங்க?"

தண்ணீர் பற்றவில்லை என்றே சொல்லியிருக்கலாம். மனிதர் இன்னொரு தொட்டியாவது ஏற்றியிருப்பார்.