ஸ்டோர் மாடியில் இரண்டரை ரவுண்டு

ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவன் இருமினால் அதை யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆள் வேலைக்குப் பழகிவிட்டான் என்பார்கள். சக்குபள்ளம் என்ற மலையூருக்கு மேலே, பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோர் ஒன்றின் பொறுப்பாளன் நான். சூளையின் விறகுப் புகை நேராக என் மேஜைக்குத்தான் வரும். ஆகவே மூன்று மாதம் இருமியபோது புகையைக் குற்றம் சொன்னேன். மாலைக் காய்ச்சலுக்கு மலைக்குளிரைச் சொன்னேன். எடை குறைந்ததற்கு மட்டும் காரணம் தேடவில்லை. பெருமைப்பட்டேன். என் தொப்பையைப் பற்றி நானே சிறுபத்திரிகை ஒன்றில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரை காலாவதியாகிவிட்டதாக வீட்டில் அறிவித்தேன்.

அந்த மூன்று மாதமும் என் பேரன் என் நெஞ்சின் மேல்தான் தூங்கினான். பிரசவத்துக்கு வந்த மகள் தேன்மொழி எங்களோடுதான் இருந்தாள். அவனுக்கு அப்போது ஐந்து மாதம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

கைக்குட்டையில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளிப் பரிசோதனையில் (இருமித் துப்பிய சளியை உருப்பெருக்கியில் வைத்துக் கிருமி தேடுவது) மூன்று பிளஸ். என் வாழ்க்கையில் வாங்கிய மிக உயர்ந்த மதிப்பெண். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதி மூடுபனி இறங்கிய தோட்டம்போல வெளுத்திருந்தது. காசநோய்.

டாக்டர் மலையாளி. எனக்காகத் தமிழ் பேசினார். “பேடிக்கண்டா சார். ஆறு மாசம் மருந்து. நோய் மாறிப்போகும். ஒரு நாள்கூட முடக்கக் கூடாது, விட்டுடக் கூடாது, கேட்டோ? வீட்ல சின்னக் குழந்தை உண்டா?”

“பேரன் இருக்கான். என் நெஞ்சு மேலதான் தூங்குவான்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பயப்படாதே என்று அவர் மறுபடி சொல்லவில்லை.

பேரனைப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை, ஆனால் கிருமி உள்ளே உறங்கிக் கிடக்கலாம் என்று தடுப்பு மருந்து (நோய் வராமலிருக்க முன்கூட்டியே கொடுப்பது) தொடங்கினார்கள். மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். எடை ஏறாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். எனக்குச் சளி சுத்தமாகும்வரை அவன் இருக்கும் அறைக்குள் நான் போகக் கூடாது.

எங்கள் வீட்டில் அறை என்று இருப்பதே ஒன்றுதான். ஆகவே பழைய ஸ்டோரின் மாடிக்குப் போனேன். சூளை அணைந்து பல வருடமான கட்டடம். நான்கு பக்கமும் ஜன்னல். என் மனைவி பாக்கியம் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுக் கீழே நின்று கத்துவாள். சாயங்காலம் தேன்மொழி முற்றத்தின் மறுகோடியில் நின்று பேரனைத் தூக்கிக் காட்டுவாள். அவன் கோழியைப் பார்ப்பான்.

மூன்றாம் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் முக்கிய மருந்து) அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறந்துவிட்டேன். கண்ணீர் வழிய மகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதத் தொடங்கி, இரண்டாம் பத்தியில் நடை சரியில்லை என்று அடித்துத் திருத்தும்போதுதான் நினைவு வந்தது. இந்த வழியில் வரப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் பெண்கள் காய் பொறுக்கிப் பிரிப்பார்கள். நான் வந்ததும் எல்லோரும் புது ஸ்டோர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். எஸ்தர் மட்டும் முறத்தோடு படியடியில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, சாப்டீங்களா?”

“கிட்ட வராத எஸ்தரு. ஒட்டிக்கும்.”

“எனக்கு ஒட்டி ஒம்போது வருசமாச்சு. காத்தாடத்தான உக்காந்திருக்கேன். பேசாம கெடங்க.”

அவளுக்கும் வந்திருக்கிறது. ஜீப்பில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“எங்க சபை மைக்குச் சத்தத்தப் பத்தி எழுதுனீங்கள்ல? பாஸ்டரு கூட்டத்துல வாசிச்சுக் காட்டுனாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சோம்.”

“கோவம் வரலையா?”

“வராம? பொறவுதான் சத்தத்தக் கொறச்சோம்.”

நான் எழுதி ஊரில் ஒன்று மாறியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் படியில் சாப்பாட்டுத் தூக்கோடு கறுப்பு அட்டை போட்ட எஸ்தரின் வேதாகமமும் இருந்தது. தமிழுக்காக வாசிக்கிறேன் என்று பாக்கியத்திடம் சொன்னேன். படித்தவர்கள் செய்யும் தப்பு இது. நம்மைத் தொடக்கூடிய எதையும் முதலில் இலக்கியம் ஆக்கிவிடுவோம். பென்சிலோடு உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் தொழுநோயாளி வரும் இடத்துக்கு வந்தேன். யாரும் அருகில் வரக் கூடாத மனிதன் இயேசுவிடம் வருகிறான். அவர் கை நீட்டித் தொடுகிறார். அதற்குப் பிறகுதான் அவன் சுத்தமாகிறான். நான் எழுதியிருந்தால் குணமாக்கிவிட்டுத்தான் தொடவைத்திருப்பேன். மருத்துவ ரீதியாகவும் அதுதான் சரி. பென்சிலை வைத்துவிட்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு நாளாக என்னை யாரும் தொட்டிருக்கவில்லை.

கீழேயிருந்து பாக்கியத்தின் குரல். “ஏங்க, தமிழுக்காகத்தான வாசிக்கிறீங்க? அப்ப எதுக்குக் கண்ணத் தொடைக்கிறீங்க?”

அன்று முதல் ஜெபம் செய்தேன். பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொடுக்கும் மனு மாதிரிதான் இருந்தது. பொருள்: பேரன். அவனுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும். என்னை எப்படியும் வைத்துக்கொள்ளும். இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள என்று வாய் தன்னால் போனது. ஆனால் சொல்லி முடித்ததும் அறையில் நான் தனியாக இல்லை. இதற்கு மேல் அதை எனக்கு விளக்கத் தெரியாது.

இரண்டு மாதம் முடிந்து சளிப் பரிசோதனை. மறுபடியும் பாசிட்டிவ். அதே வாரம் பேரனின் எடையும் ஏறவில்லை.

டாக்டர் நிதானமாக விளக்கினார். செத்த கிருமியும் உருப்பெருக்கியில் தெரியுமாம். உயிரோடு இருக்கிறதா என்று அறிய கல்ச்சர் (சளியைக் கிருமி வளரும் ஊட்டத்தில் வைத்து, முளைக்கிறதா என்று பார்ப்பது) அனுப்ப வேண்டும். ஆறு வாரம் ஆகும்.

நான் எஸ்தர் மேல் எரிந்து விழுந்தேன். “நீ ஜெபம் பண்ணுன, நானும் பண்ணுனேன். என்ன ஆச்சு?”

அவள் முறத்தை நிறுத்தவில்லை. “ஏண்ணே, கர்த்தரு என்ன நம்ம ஸ்டோருக்குச் சரக்கெடுக்க வர்ற ஏவாரியா, சொன்ன தேதிக்கு வந்து நிக்க? ஒரு ரவுண்டுல எல்லாக் காயையுமா பறிக்கிறோம்? பழுத்தத எடுத்துட்டு மிச்சத்த விட்டுட்டுத்தான வாரோம்? மாத்திரையத் தின்னுங்க. ஜெபத்தையும் விடாதீங்க. நான் ரெண்டுந்தான் செஞ்சேன்.”

எங்கள் தோட்டத்தில் ரவுண்டு என்றால் நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை அதே செடிக்குப் போவது. இளங்காயை விட்டுவிட்டு வருவது சோம்பேறித்தனம் அல்ல. அதுவும் பறிப்பின் ஒரு பகுதி. இருபத்திரண்டு வருடம் இதைப் பெண்களுக்கு நானே அதட்டிச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆறு வாரம் மனுப் போடவில்லை. காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு நாளுக்கு என்று மட்டும் சொன்னேன். மூச்சு இழுத்தால் வலது விலாவில் இருந்த பிடிப்பு ஒரு நாள் இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.

முதலில் எடை வந்தது. தேன்மொழி முற்றத்திலிருந்து கத்தினாள். “அப்பா, அறநூறு கிராம் கூடிருச்சு! இவன இடுப்புல வைக்க முடியல!” ஒன்பது நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். “சார், ஒண்ணும் முளைக்கல. வீட்டுக்குப் போகலாம். மருந்து மட்டும் முடக்காதீங்க, கேட்டோ?”

நான் விசுவாசிக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை வேடிக்கை சேர்க்காமல் எழுத மூன்று முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். குறைத்த பிறகும் மைக் சத்தம்தான். பாக்கியம் முருகனுக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றிவிட்டு வந்து சொன்னாள். “எந்தச் சாமியையும் கும்பிடாத மனுசன் ஒரு சாமியவாச்சும் கும்பிடுறாரே, அது போதும்.”

மாத்திரை முடிந்து ஒரு ரவுண்டு ஆகிறது. நாட்காட்டி பார்ப்பதை விட்டுவிட்டேன். கடைசி எக்ஸ்ரேயில் வெளுப்பு சுருங்கி ஒரு தழும்பாக நிற்கிறது. அது அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். வலது பக்கம், காறையெலும்புக்குக் கொஞ்சம் கீழே. சரியாக அந்த இடத்தில் கன்னத்தை வைத்து, எச்சில் வழிய, பேரன் தூங்குகிறான். நான் மூச்சு விடும்போது ஏறி இறங்குகிறான். அவன் எழட்டும், எனக்கு அவசரமில்லை.