ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவே

நான் லேப்டாப் வாங்கிய கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். வேன் ஓட்டுகிறவனுக்கு எதற்கு லேப்டாப் என்கிற சிரிப்பு. சிரிக்கட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனாலும் கதையை முழுசாகச் சொல்லாமல் ஆளை விடமாட்டேன்.

எனக்கு வீடு கூடுவாஞ்சேரியில். காலையில் அந்தப் பக்கத்து சாஃப்ட்வேர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் சிறுசேரியில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அவர்களையே திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். நடுவில் பகல் முழுவதும் பார்க்கிங்கில் வண்டியைப் போட்டுவிட்டுக் கிடக்க வேண்டியதுதான். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் ஊர் வம்பு பேசுவார்கள். நான் போனில் பழைய காமெடிப் படங்களைப் போட்டுக்கொள்வேன். பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பேன். வசனமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

எனக்கு ஒரே மகள். பத்தாவது படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மிஷின் மாட்டினால் லாரி ஹாரன் கேட்கும், பேச்சு கேட்காது. கையால் பேசுவாள். கிடைத்ததையெல்லாம் மளமளவென்று படிப்பாள். கோபத்தில் என்னையே மிஞ்சிவிடுவாள். எதையாவது தப்பாகச் சைகை காட்டிவிட்டால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுவாள். அதற்குப் பிறகு நான் என்ன கத்தினாலும் அவளுக்கு என்ன கவலை!

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரக் குப்பத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போவோம். அண்ணன் கடலுக்குப் போகிறவர். அண்ணி வைக்கிற மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு எல்லோரும் டிவி முன்னால் சாய்ந்துவிடுவோம். ஏதாவது காமெடிப் படம் ஓடும். வீடே அதிரும். என் மகள் மட்டும் டிவியைப் பார்க்கமாட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், கண் சிமிட்டும் நேரம் தாமதமாக. "என்ன சொன்னான்?" என்று கையால் கேட்பாள். "அப்புறம் சொல்றேன்" என்று காட்டிவிட்டு நாங்கள் அடுத்த சிரிப்புக்குப் போய்விடுவோம்.

அப்படி ஒரு ஞாயிறன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். "அப்பா, அப்புறம் சொல்கிறேன் என்று இதுவரை சொன்னதையெல்லாம் எங்கே சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?"

அதற்கப்புறம் அந்தப் படத்தில் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

மறுநாள் பார்க்கிங்கில் தேடு தேடென்று தேடினேன். தமிழ்ப் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. தமிழில் ஓடுவது அபூர்வம், அதிலும் நான் பார்க்கிற பழைய படங்களுக்குச் சுத்தமாக இல்லை. தமிழனுக்கு எதற்குத் தமிழில் எழுத்து என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. வந்த ஆத்திரத்தில் சாயங்காலம் வண்டியில் ஏறிய ஒரு பெண்ணிடம் புலம்பிவிட்டேன். அவள் நிதானமாக, "நீங்களே போடலாம் அண்ணா. அதுக்கு இலவசமா சாஃப்ட்வேர் இருக்கு. வசனத்த டைப் பண்ணி, அவங்க பேச ஆரம்பிக்கிற நேரத்துல ஒரு தட்டு தட்டணும், அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவுதானாம்! போனில் செய்து பார்த்தேன். படத்தையும் பார்த்து, அந்தக் குட்டித் திரையிலேயே தமிழையும் அடித்து, கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். அந்தப் பெண் தன்னுடைய ஆபீஸ் லேப்டாப்பை ஒரு நிமிடம் கொடுத்தாள். தொடையில் வைத்துத் திறந்தேன். மூடி ஸ்டியரிங்கில் போய் இடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றது. பின்னால் தள்ளினால் கீழ்ப்பாகம் என் தொப்பையில் குத்தியது. எனக்கு வேண்டியது ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவே உட்காருகிற லேப்டாப் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "யோவ், தொப்பைய கொறச்சா பெரிய லேப்டாப்பே வாங்கலாம்யா" என்றாள். அதை மகளிடம் கையால் வேறு சொல்லிக்காட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆனால் சிரித்து முடித்ததும், புதுச் சீட் கவர் போடுவதற்கு ஒதுக்கிய பணத்தை அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். "சீட்டு கிழிஞ்சா யாரும் சாவமாட்டாங்க. போய் வாங்கு" என்றாள்.

மளிகைக்கடை அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, வண்டியில் உட்கார்ந்து அளவு பார்த்து, நடுவில் மடித்து, ஒரு அட்டை லேப்டாப் செய்துகொண்டேன். மடித்தால் ஸ்கூல் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். கடையில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

"இந்த அளவுக்கு மேல போவக்கூடாதும்மா. டிரைவர் சீட்ல உக்காந்து வேல செய்யணும்."

"அப்ப பின்னாடி சீட்ல உக்காந்து செய்யுங்களேன்?"

"அது ஏசி வண்டி. கண்ணாடி தொறக்காது. நின்ன வண்டியில பின்னாடி உக்காந்தா இட்லி மாதிரி வெந்துடுவேன். முன்னால என் பக்கத்துல மட்டுந்தான் நெழலு கீது, கதவத் தொறந்து வச்சா காத்தும் வரும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் நல்ல பெண். அட்டையை வாங்கி, இருக்கிற லேப்டாப் ஒவ்வொன்றின் மேலும் வைத்து அளந்து, பெரியதையெல்லாம் ஒதுக்கிவிட்டாள். கடைசியில் மேஜையில் இரண்டே இரண்டு மிஞ்சின.

ஒன்று வெள்ளி நிறம். அப்பளம் மாதிரி மெலிசு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. எனக்கு அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை. இன்னொன்று சாம்பல் நிற பிளாஸ்டிக், கொஞ்சம் தடி, போன வருஷத்து மாடல், விலையும் இறங்கியிருந்தது. மகள் இரண்டிலும் ஒரே வரியைத் தமிழில் அடித்துப் பார்த்தாள். "என் அப்பாவின் தொப்பை மிகப் பெரியது." கடைக்காரப் பெண் அதைச் சத்தமாக வேறு படித்தாள்! பிறகு மகள் இரண்டையும் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். வெள்ளியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அதில் டிவிக்கு வயர் சொருகும் ஓட்டை இல்லை.

"அதுக்குத் தனியா ஒரு இணைப்பு வாங்கி மாட்டிக்கலாம்ணா" என்றாள் கடைக்காரப் பெண்.

வேண்டவே வேண்டாம் என்றேன். தனியாக ஒன்று என்றால் நான் தொலைத்துவிடுவேன். அண்ணன் வீட்டு டிவியில் ஓடாத லேப்டாப் எனக்கு எதற்கு?

"இந்த சாம்பல்ல கேம் எல்லாம் வராதுண்ணா. உள்ள எடமும் கம்மி. ஆனா இதுல ஃபேன் கெடயாது, சத்தம் வராது, சூடாவாது. காலைல சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கும்."

"எனக்கு ஒரு படம் ஓடி, கூட டைப் பண்ண முடிஞ்சா போதும்மா" என்றேன். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். கேமராக் கண்ணில் பொட்டு வைக்கப் போனவளை மகள் பாய்ந்து தடுத்தாள். மூன்று பேரும் அதை மாறி மாறி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து என் பகலே மாறிப்போனது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, அடிப்பது, திரும்ப ஓட்டி நேரம் பார்த்துத் தட்டுவது. ஆஹா, என்ன சுகம்! வெயில் ஏறினால் திரை மங்கும். துண்டைத் தலையில் போட்டு முக்காடு மாதிரி இழுத்துவிட்டுக்கொள்வேன். துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தால் பக்கத்து வண்டிக்காரன் சும்மா இருப்பானா? "அண்ணாத்த, இன்னா தனியா சிரிச்சிகினு கீற? வூட்ல சொல்லட்டா?" என்று தினமும் கேட்பான்.

ஒரு பழைய படத்தின் முதல் காட்சியை முடித்து மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "செய்தி வாசிக்கிறார்களா?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் "என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்று புத்தகத் தமிழில் அடித்துவைத்திருந்தேன். அவளுக்கு எழுதும்போது வீட்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், பள்ளியில் சொல்லிக்கொடுத்த பழக்கம். ரோசம் வந்து, பேசுகிறபடியே மாற்றி அடித்தேன். "இன்னா பண்ணிகினு கீற?" என்று வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீயும் அம்மாவும் இப்படியா பேசுவீர்கள்? நிஜமாகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று முழுவதும் அம்மா பின்னாலேயே போய், இப்போது பேசியதை எழுதிக்காட்டு, இப்போது பேசியதை எழுதிக்காட்டு என்று நச்சரித்தாள்.

ஆனால் மிச்சக் காட்சிகளை அவள் படிக்கமாட்டேன் என்றுவிட்டாள். பெரியப்பா வீட்டில், எல்லோரோடும் சேர்ந்துதான் பார்ப்பேன் என்றாள். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்த வசனம், எழுத்தாக அடித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் எழுத்தைப் படித்துவிட்டு, இதற்குத்தானா இவ்வளவு நாள் சிரித்தீர்கள் என்று வெறுமனே பார்த்தால்? அல்லது, அதைவிட மோசம், எனக்காகப் பொய்யாகச் சிரித்தால்? அவள் பொய்ச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

படம் முழுவதும் முடிந்த வாரம், லேப்டாப்பைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, சினிமா கம்பெனி ஆரம்பிச்சிட்டியாமே? ஹீரோயின் சான்ஸ் எனக்குத்தான் சொல்லிட்டேன்."

"மீன் கொழம்ப ஊத்துங்கண்ணி, அப்பால பாக்கலாம்" என்றேன். குழம்பு இருந்தும் கையில் சோறு உருளவில்லை.

டிவியில் வயரைச் சொருகினேன். படம் வரவில்லை. உப்புக் காற்றில் டிவியின் ஓட்டை பச்சை பூத்துக் கிடந்தது. அண்ணன் வேட்டி முனையை முறுக்கி அதற்குள் விட்டுத் துடைத்து, நாலு ஊது ஊதி, "இப்ப போடுடா" என்றார். வந்துவிட்டது. அடியில் என் எழுத்துகள் பெரிசாக, மஞ்சளாக ஓடின. மகள் டிவிக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் அவளையே பார்ப்பது தெரிந்ததும், "என்னைப் பார்த்தால் எழுந்து கடலுக்குப் போய்விடுவேன்" என்று கையால் எச்சரித்தாள். எல்லோரும் அவசரமாக டிவி பக்கம் திரும்பினார்கள்.

முதல் சில காட்சிகளில் அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. படித்துக்கொண்டே இருந்தாள். அடுத்து, புரோக்கர் ஒருத்தர் குடிவரப் போகிறவருக்கு வீடு காட்டும் காட்சி. குடிவருகிறவர், "இந்த வூட்ல தண்ணி..." என்று ஆரம்பித்தார், கேட்டு முடிக்கவில்லை.

ஹாலில் ஒரு சிரிப்பு வெடித்தது. தன்னந்தனியாக. என் மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த அம்மாவின் தொடையில் அடித்து அடித்துச் சிரிக்கிறாள். எல்லோரும் டிவியை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அங்கே புரோக்கர், "வரும் சார், மழ பெஞ்சா ஹால் வரைக்கும் வரும்" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"இன்னாடா சொன்னான்?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. படம் மனப்பாடம் அல்லவா! ஒவ்வொரு வசனத்துக்கும் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் விரல் தட்டியிருக்கிறது. கேள்வி முடிவதற்குள் பதில் கீழே வந்து நிற்கிறது. படம் முழுவதும் அப்படித்தான் இருக்கும். என் மேலேயே எரிச்சல் வந்தது. எல்லா எழுத்தையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் தள்ளிவைக்க அதில் வழி உண்டு. ஒரு நிமிட வேலை. எழுந்து லேப்டாப் பக்கம் போனேன்.

மகள் என் லுங்கியைப் பிடித்து இழுத்தாள். என்ன என்றாள். எழுத்து முன்னாலேயே வந்துவிடுகிறது, சரிசெய்கிறேன் என்று காட்டினேன். அவள் டிவியைப் பார்த்தாள். இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவை, பெரியம்மாவை, அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் கை இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தொடாதே. நீங்கள் எல்லோரும் எனக்கு அப்புறம் சிரியுங்கள்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வசனம் எனக்குத் தெரியும், சிரிப்பும் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனாலும் அவள் சிரிக்கும் வரை காத்திருந்தேன்.