அத்தை வீட்டுத் தலைமையகம்

அப்பா ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் நிறுவனக் கிளையில் குமாஸ்தா. அங்கே ஒரு நாற்காலியை மாற்றுவதென்றாலும் கோலாலம்பூர் தலைமையகம், அவர் பாஷையில் 'எச்கியூ', சம்மதிக்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை மனுஷன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அவருடைய அக்கா வீடுதான் எங்களுக்குத் தலைமையகம். அம்மா எது கேட்டாலும், "எச்கியூவ கேக்கணும்லா" என்பார். இரண்டு நாள் கழித்து, "அக்கா வேணாங்குது" என்று பதில் வரும். கல்யாணமான நாள் முதல் இதே கதைதான்.

எனக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை 'தலைமையகம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னார்: கிளைகளுக்கெல்லாம் உத்தரவு வருகிற இடம். வாக்கியம் அமைக்கச் சொன்னபோது, 'எங்கள் தலைமையகம் அத்தை வீடு' என்று எழுதினேன். சிரித்துக்கொண்டே சரி போட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வியாழன் காலை அப்பா, "அக்கா வேணாங்குது" என்று வழக்கம்போலக் கையை விரித்தார். அம்மா சமையலறையில் அத்தையைத் திட்டித் தீர்த்தாள். "அந்த மனுஷிக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மனசு தாங்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும், அம்மா துணி காயப்போடும் நேரம் பார்த்து, தலைமையகத்துக்கு நானே போன் போட்டேன்.

"அத்தை, அம்மாவ வேலைக்கு விடுங்களேன். ஏன் வேணாங்கிறீங்க?"



"எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே கண்ணு. நல்லா போகச் சொல்லு. வேற என்னெல்லாம் நான் வேணாம்னேனாம்?"

தையல் வகுப்பு, கார் லைசென்ஸ், தாய்வீட்டுப் பயணம் என்று நானும் ஒப்பித்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, தலைமையகம் சம்மதித்துவிட்டது என்று பெருமையாக அறிவித்தேன். அத்தை சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாவம், அம்மாவின் முகத்துக்கு நேரே மறுக்க அவருக்கு என்றைக்கும் தைரியம் இருந்ததில்லை. அம்மா சண்டை போடவில்லை. கையைக் கழுவிவிட்டு அத்தைக்கு போன் போட்டாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிருங்க" என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

அனுமதி கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல், அம்மா எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.