ஏழாம் குழி மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்தாறு வருடமாக ஸ்காட்லாந்தின் வடகோடிச் சாலைகளில் இருட்டிலும் பனியிலும் தனியாக வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட எதையும் பார்த்து மிரண்டதில்லை. பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பட்டப்பகலில் எனக்கும் என் தம்பிக்கும் நடந்தது சத்தியமாக நடந்தது. அதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தம்பி ருவரிக்கு மார்ச் மாதம் இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, பெண்டாட்டி கத்ரீனாவின் உயிரை வாங்கிவிட்டான். கோல்ஃப் ஆடலாம், ஆனால் ஓடக் கூடாது, பதறக் கூடாது என்று ஒருவழியாக டாக்டர் சொன்னார். கிளம்பும்போது கத்ரீனா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

"ஓட மாட்டான். ஓடினா நானே காலை ஒடிச்சுடறேன்."

"முழுசா கூட்டிட்டு வாங்க. ஏழரைக்குச் சாப்பாடு."

எங்கள் ஊர் மைதானம் பணக்காரர்கள் வரும் இடமில்லை. கடலோரப் பாறை மேட்டில் ஒன்பது குழி, அவ்வளவுதான். பாதி நேரம் ஆடுகள் மேயும். தகரக் கொட்டகையில் இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு யார் வேண்டுமானாலும் ஆடலாம். அன்றைக்குக் கொட்டகைக் கதவில் நான் முன்பு பார்த்திராத ஒரு தாள் ஒட்டியிருந்தது. மழையில் ஊறி, பாதி கிழிந்து தொங்கியது. நான் அதைப் படிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எங்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவர் மாமா. அப்பாவுக்கு இந்த விளையாட்டின் பெயரைக் கேட்டாலே ஆகாது. மட்டையை வீட்டுக்குள் கொண்டுவர விட மாட்டார். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

மாமா பந்தை அடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், உட்காரச் சொல்லிக்கொடுத்தார். நாம் அடித்த பந்து ஆள் இருக்கும் பக்கமாகப் பறந்தால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும். அது காதில் விழுந்தவன் ஏன், எங்கே என்று பார்க்கக் கூடாது. தலையைக் கையால் மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே குந்திவிட வேண்டும். ஐந்து வயதிலிருந்து எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது.

இன்னொரு வழக்கம், ஏழாம் குழி மணி. அங்கே நடுவில் ஒரு மேடு உண்டு. மேட்டுக்கு அந்தப்புறம் ஆள் இருப்பது அடிக்கிறவருக்குத் தெரியாது. அதனால் முன்னே போனவர்கள் ஆடி முடித்து விலகியதும், அங்கே வலப்பக்கம் வேலியோரக் கம்பத்தில் தொங்கும் மணியை இரண்டு முறை அடிப்பார்கள். வழி காலி என்று அர்த்தம். இடப்பக்கம் கடல். நூறு அடிக்குக் கீழே.

மாலை 4:10க்கு முதல் பந்தை அடித்தோம். வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. வெயில் நன்றாக இருந்தது. ருவரி முதல் பந்தையே புதருக்குள் அனுப்பினான்.

"ஆபரேஷன்ல கண்ணையும் எடுத்துட்டாங்களாடா?"

"நீ மட்டும் என்ன கிழிச்ச? உன் பந்து ஆட்டு மேல பட்டுச்சு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மார்ச்சில் அவன் முகம் சாம்பல் நிறத்தில் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

ஐந்தாம் குழியில்தான் முதலில் ஏதோ உறுத்தியது. மணல் பள்ளத்தைப் புதிதாக வாரி விட்டிருந்தார்கள். வாரிய மணலில் ஒரு ஆளின் காலடித் தடம். உள்ளே இறங்கிய தடம் மட்டும் இருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

"நமக்கு முன்னாடி யாரோ ஆடறாங்க" என்றான் ருவரி.

"கார் எதுவும் நிக்கலையே?"

"நடந்து வந்திருப்பாங்க. விடுக்கா."

ஆறாம் குழியில் ஆடுகள் எல்லாம் வேலியோரமாக ஒண்டி நின்றன. ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் ஏழாம் குழிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

5:32. கடலிலிருந்து மூடுபனி ஏறியது. எங்கள் பக்கத்தில் அது சொல்லிக்கொண்டு வராது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து மூடிவிடும். ஏழாம் குழிக்கு அடிக்கும் இடத்தில் நாங்கள் நின்றபோது, எதிரே இருந்த மேடே தெரியவில்லை.

"போதும்டா. வீட்டுக்குப் போகலாம்."

"ஒரே ஒரு குழி, அக்கா..."

"கத்ரீனா என்னைக் கொன்னுடுவா. கிளம்பு."

சலித்துக்கொண்டே அவன் மட்டையைப் பைக்குள் வைக்கப் போனான்.

டிங்... டிங்...

மேட்டுக்கு அந்தப்புறம் மணி.

5:41.

மணி கேட்டால் அடிப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். யோசிக்கவே மாட்டோம். ருவரி பந்தை வைத்தான், அடித்தான். பந்து பனிக்குள் போய் மறைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...

தொப்.

புல்லில் விழுந்த சத்தம் இல்லை அது. அதைத் தொடர்ந்து ஒரு முனகல். ஆம்பளைக் குரல்.

ருவரியின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... யாரையோ அடிச்சுட்டேன்."

"இருடா. நான் போய்ப் பார்க்கறேன். நீ நில்லு."

அவன் நிற்கவில்லை. ஓடினான். ஓடக் கூடாதவன், மட்டையைப் போட்டுவிட்டு மேட்டின் மேல் ஓடினான்.

"ருவரி! ஓடாதடா!"

நான் பின்னால் ஓடினேன். பத்தே எட்டில் அவன் கண்ணுக்கு மறைந்துவிட்டான். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் முன்னால் கேட்டது. அந்த மூச்சு எந்த நிமிஷம் நின்றுவிடுமோ!

டிங்... டிங்...

நான் சட்டென்று நின்றேன்.

மணி இடப்பக்கம் கேட்டது.

கம்பம் இருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் கடல்...

"ருவரி! நில்லு! அது தப்பான பக்கம்!"

"ஆள் தெரியுதுக்கா..." குரல் தூரத்தில் கேட்டது. "குனிஞ்சு எதையோ தேடறார்... கூப்பிடறார்..."

"போகாதடா!"

"இதோ... பக்கத்துல வந்துட்டேன்..."

டிங்.

அலை பாறையில் மோதும் சத்தம் என் காலுக்கு நேர் கீழே கேட்டது. அவன் என்னைவிட முன்னால் இருந்தான்.

நில் என்றால் நிற்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைக் கேட்டவன் இல்லை.

எனக்குள்ளிருந்து அது தானாக வந்தது.

"ஃபோர்!"

காலடிச் சத்தம் நின்றது.

மணியும் நின்றது.

நான் நாலு காலில் தவழ்ந்து போனேன். ஈரப் புல்... மண்... பிறகு ஒரு பூட்ஸ். ருவரி தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குந்தியிருந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தபோது பனி ஒரு நொடி விலகியது.

அவன் முழங்காலுக்கு முன்னால் ஒரு கையளவு புல். அதற்கப்புறம் தரை இல்லை.

அங்கே வேறு யாரும் இல்லை.

நாங்கள் எழுந்து நிற்கவே இல்லை. வேலிக் கம்பி கையில் படும்வரை தவழ்ந்தோம். அதைப் பிடித்துக்கொண்டே கார் வரை வந்தோம். 6:25. அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். குதிரை ஓட்டம் ஓடியது, ஆனால் ஓடியது. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

"கத்ரீனாகிட்ட சொல்லாதக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளுக்கு என்னை எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"என்னடா சொல்ற?"

"நம்ம குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். 'மோவாட், இன்னும் அடிக்காத. என் பந்து கிடைக்கல'ன்னார். நான்தான் ஏற்கனவே அடிச்சுட்டேனே."

வண்டியைக் கிளப்பினேன். ஏழரைக்குள் அவனைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன்.

மூன்று நாள் கழித்து வாலஸ் கன் வீட்டுக்குப் போனேன். மைதானத்துக்கு நாற்பது வருடம் செயலாளராக இருந்தவர். வயது எண்பத்தேழு. மணி அடிப்பது யார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கதவுல ஒட்டியிருந்ததைப் படிக்கலையாம்மா? ஏழாம் குழியை மூடி மூணு மாசம் ஆச்சு. பாறை விரிசல் விட்டுருச்சு."

"அப்போ மணி?"

மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப் பையை இழுத்தார். உள்ளே அந்த மணி இருந்தது. நான் அதைத் தூக்கி ஆட்டினேன். சத்தம் வரவில்லை. அதற்கு நாக்கே இல்லை.

நாங்கள் பனியில் மாட்டிக்கொண்டதை மட்டும் சொன்னேன். மணியைக் கேட்டதாகச் சொன்னேன். குரலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எழுபத்தொண்ணுல ஆண்ட்ரூ ஸ்வான்சன்னு ஒருத்தன் அங்கேருந்து விழுந்து செத்தான். கேள்விப்பட்டிருப்ப."

"தனியா ஆடும்போது விழுந்துட்டார்னு சொல்வாங்க."

"தனியா இல்ல. கூட ஒருத்தன் இருந்தான். பனி இறங்கிடுச்சு, பின்னாடி வெளியூர்க்காரங்க காத்துட்டு இருந்தாங்க. இவன் அவசரப்பட்டு மணியை அடிச்சுட்டான். அவங்க அடிச்ச பந்து ஸ்வான்சன் மேல பட்டு, தடுமாறி விழுந்தான். அடிச்சவங்களுக்கே அது தெரியாது. மணி அடிச்சவனுக்கு மட்டும் தெரியும்."

"யார் அது?"

"உங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு. இனிமே சொன்னா தப்பில்ல. ஆஸ்பத்திரில, கடைசி வாரத்துல, என்கிட்ட மட்டும் சொன்னான்."

என் கையிலிருந்த மணி கனத்தது.

"ஸ்வான்சன் விளிம்போரமா குனிஞ்சு தேடிட்டு இருந்தானாம். இவன் மணிக் கயித்தைப் பிடிக்கறதைப் பார்த்துட்டு ஒண்ணு சொன்னானாம். காதுல விழுந்தும் அடிச்சுட்டேன்னு உங்கப்பன் அழுதான்."

"என்ன சொன்னாராம்?"

வாலஸ் கன் மணியை என்னிடமிருந்து வாங்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"'மோவாட், இன்னும் அடிக்காத. என் பந்து கிடைக்கல.'"