அண்ணன் தேடிய இரண்டாவது கம்பெனி

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களில் பாதிப் பேர் அவரைக் "கார் கம்பெனிக்காரர்" என்றுதான் சொல்வீர்கள். கல்யாண வீடுகளில் அவரை ஓரமாக அழைத்துப்போய், கார் வாங்கினால் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்று கேட்டவர்களும் உங்களில் உண்டு. அண்ணன் சிரித்துவிட்டு வந்துவிடுவார். ஆம்பூருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஷெட்டில், காரின் ஸ்டியரிங் சக்கரத்துக்கு மாட்டும் தோலுறையைத் தைத்துக் கொடுத்தவர் அவர். கடைசிவரை அவருக்கென்று ஒரு கார் இருந்ததில்லை.

ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சேர்ந்தார். தோலை விரித்துத் தடவிப் பார்த்தாலே எந்த இடம் இழுத்தால் நீளும், எங்கே முள் கீறிய தழும்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தச் சம்பளத்தில்தான் என்னை வேலூரில் தங்கவைத்து மேனேஜ்மென்ட் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதே சமயத்தில் அண்ணன் பத்து தையல் மெஷின்களோடு சொந்த ஷெட் போட்டார். ஷூவின் மேல்பாகம் தைத்து ஏழு கம்பெனிகளுக்குக் கொடுத்தார். ஒருவர் ஆர்டரை நிறுத்தினால் இன்னொருவர் கொடுப்பார். சீசன் இல்லாத மாதங்களில் தையல் பெண்களுக்கு வேலை இருக்காது என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

அங்கிருந்து அவரைக் கிளப்பியது நான்தான். ஸ்டியரிங் செய்து கார் கம்பெனிக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனம், தோலுறை தைக்க ஆள் தேடுகிறது என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். காகிதத்தில் கட்டம் போட்டு, படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன்.

"ஏழு பேருக்கு ஏழு மாதிரி செஞ்சா தரமும் நிக்காது, விலையும் நிக்காதுண்ணா. ஒரே சாமான், ஒரே கம்பெனி. வருஷம் பூரா வேலை இருக்கும்."

"ஒரே கம்பெனியா? அவன் கோச்சிகினா இன்னா பாப்பா பண்றது?"

"நாம ஒழுங்கா குடுத்தா அவங்க ஏன்ணா கோச்சிக்கப் போறாங்க?"

படித்த தங்கை சொல்கிறாள் என்று அண்ணன் ஏழு கம்பெனிகளிடமும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலை நிற்காமல் வந்தது உண்மை. பத்து மெஷின் நாற்பது ஆயிற்று. ஆனால் தோல் வெட்டும் அச்சுகள் எல்லாம் அந்த நிறுவனத்துடையவை. அதில் அவர்களுக்கு மட்டும்தான் வெட்டலாம். அவர்கள் சரக்கு இருப்பு வைத்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி போயாக வேண்டும். இங்கே ஒரு வண்டி தவறினால் அங்கே வேலை நிற்கும், நின்றதற்கு அண்ணன் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர் பந்தி முடிந்த பிறகு வந்து நின்றதற்குக் காரணம் இதுதான், தலைக்கனம் இல்லை. சோளிங்கர் மலைக்கு வருவதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார். "வண்டி ஏத்திட்டுப் போலாம்" என்று சொல்லியே அண்ணன் அதை ஆறு வருஷம் தள்ளிப்போட்டார்.

வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கடிதமும் வந்தது. வேலை பழகிவிட்டது அல்லவா, ஆகவே இன்னும் மலிவாகச் செய்ய முடியும் என்பது அவர்கள் கணக்கு. வெளிநாட்டில் இதைவிட மலிவாகத் தைக்கிறார்கள் என்றும் ஒரு வரி இருக்கும். எங்கள் பாடத்தில் இதற்குப் போட்டித்திறன் என்று பெயர். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் வேலையே அதுதான். என் மேசைக்கு எதிரில் வந்து உட்காரும் சின்ன ஷெட்காரர்களிடம் அதே வரிகளை நானும் படித்துக் காட்டினேன். அவர்கள் முகத்தில் அண்ணன் முகம் தெரிந்த நாட்களில் காப்பி வரவழைத்துக் கொடுத்தேன். விலையைக் குறைக்காமல் விட்டதில்லை. அண்ணனும் குறைத்துக் கொடுத்தார். பெண்களின் கூலியில் கை வைக்காமல், தன் வீட்டுச் செலவில் கை வைத்தார்.

அவர் செய்த ஒரே தவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், அதைக் கேட்டால் அவரைத் தெரிந்துவிடும். உறையின் நிறம் சந்தன நிறம். ஒரே தோலில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வது வழக்கம். வரும் தோலையெல்லாம் அந்தச் சாம்பிளோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். அண்ணன் தன் துண்டை ஷெட்டு அலுவலகத்தில் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

"தோலப் போயி சாமிகிட்ட வெப்பாங்களா?" என்று அண்ணி திட்டினார்.

"நாப்பது பேருக்குச் சோறு போடுது. வேற எங்க வெக்கிறது?" என்றார் அண்ணன்.

தினமும் இரண்டு வேளை விளக்கு, ஊதுவத்தி, வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி. இரண்டு வருஷப் புகையில் அந்தத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. தோலுக்குச் சாயம் ஏற்றித்தரும் பேரணாம்பட்டு பாய் மட்டும், "கலர் ஜாஸ்தியா கேக்கறீங்களே?" என்று ஒருமுறை சந்தேகப்பட்டார். அண்ணன் சாம்பிளைக் காட்டினார். பாயும் அந்த நிறத்துக்கே சாயம் ஏற்றிக் கொடுத்தார். ஒரு நாள் மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. தரம் பார்க்கும் அதிகாரி நேரில் வந்து, குளிர்சாதன அறையில் பூட்டி வைத்திருந்த தங்கள் துண்டைப் பக்கத்தில் வைத்தார். ஒன்று சந்தனம், ஒன்று வெல்லம். அதிகாரியே சிரித்துவிட்டார். ஆனால் அங்கே அரை நாள் வேலை நின்றது நின்றதுதான். அது அண்ணனின் பேரில் பதிவாகிவிட்டது.

அன்றைக்குத்தான் அண்ணன் இரண்டாவது கம்பெனி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார். ஓசூரில் லாரிக்கு இருக்கை செய்யும் நிறுவனத்துக்கு மாதிரிகள் தைத்து அனுப்பினார். ஷெட்டைப் பார்க்க வந்தவர்கள், வேலை நின்ற பதிவைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அண்ணன் விடவில்லை. காலை வண்டியை அனுப்பிவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறி, சாமி படத்துக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வருஷம் நடந்தார். கடைசியில் அவர்கள் சம்மதித்தார்கள். ஆனால் அச்சு தயாராகி முதல் ஆர்டர் வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள்.

இது தெரிந்தோ தெரியாமலோ பழைய நிறுவனத்திலிருந்து புது ஒப்பந்தம் வந்தது. மூன்று வருஷத்துக்கு இந்த ஷெட்டில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, சம்மதம் இல்லையென்றால் அச்சுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் மூன்று வாரம் அதில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். போனில் என்னிடம், "வாழ்க்கைல ஒரு தடவ இல்லன்னு சொல்லிப் பாக்கறேன் பாப்பா" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பேச்சு முடிந்து நான்காம் நாள், ஷெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சு வலி ஒரு மாதமாகவே இருந்ததாம். வண்டி நேரம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவர் உடல் வீட்டுக் கூடத்தில் கிடந்த அன்றும் பெண்கள் அழுதுகொண்டே சரக்கை ஏற்றினார்கள். நிறுவனத்திலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. கொண்டுவந்தவர் என்னைத் தனியாக அழைத்து, "அடுத்த வாரம் சப்ளை பாதிக்காதே, மேடம்?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

ஆம்புலன்ஸில் கூடவே வந்த பேரணாம்பட்டு பாய்க்கும், பதினாறு நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அண்ணியின் தங்கைகளுக்கும், இடுகாடு வரை தோள் கொடுத்த ஒடுகத்தூர்ப் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரோசி அக்காவுக்கும் நாற்பது பெண்களுக்கும் நன்றி என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்குத் தொழில் தெரியாது, பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் வேலையை விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். காரியம் முடிந்த மறுநாள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஓசூர் ஆர்டர் வரும்வரை நான்கு மாதம் கூலியில்லாமல் நாற்பது வீடுகள் என்ன செய்யும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நானே முடிவும் செய்தேன். ஓசூருக்கு முடியாது என்று எழுதிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பெண்களைக் கூப்பிட்டு, "இனி பயமில்லை, மூணு வருஷத்துக்கு வேலை உண்டு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ரோசி அக்கா மட்டும் நின்றார். "அண்ணா எங்கள உக்கார வெச்சி கேட்டாரும்மா. நாலு மாசம் தாங்குவீங்களான்னு. நாங்க அத்தினி பேரும் தாங்கறோம்னு சொல்லிட்டோம். அதுக்கப்புறம்தான் அவுரு கையெழுத்து போடாம இருந்தாரு. நீங்க எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இந்த வருஷத்து விலைக் குறைப்புக் கடிதத்துக்கும் சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். ரோசி அக்கா, உங்கள் நாற்பது பேரிடமும் இந்த மலரில் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணனிடம் கேட்க வழியில்லை.

— தங்கை